மேல் டிவிஷனில் முதல் வருடம்: ஒரு சாம்பியன் அணி எட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றது ஏன்?

2023 செப்டம்பர் 2ஆம் தேதி யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழக அணியிடம் 14-0 என்று தோற்றது, டெக்சாஸின் ஹண்ட்ஸ்வில் ஊரைச் சேர்ந்த சாம் ஹூஸ்டன் ஸ்டேட் அணி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல் டிவிஷனில் அதற்கு அதுதான் முதல் ஆட்டம். அடுத்த வாரம் ஏர் ஃபோர்ஸ் அணியிடம் 13-3. பிறகு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 38-7. அப்படியே போய் எட்டு ஆட்டம், எட்டுத் தோல்வி. இதே அணி 2021 மே மாதம் கீழ் டிவிஷனின் தேசியச் சாம்பியன். இறுதி ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 23-21 என்று வென்று, அந்த சீசனை ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்திருந்தது. அதே வருடம் இலையுதிர் காலத்தில் தொடங்கிய அடுத்த சீசனிலும் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றது.

தோல்வியே பழகாத ஓர் அணி இரண்டே வருடத்தில் இப்படி ஆனால், என்ன நடந்தது என்ற கேள்வி வரத்தான் செய்யும். பயிற்சியாளர் அதே கே.சி. கீலர். ஆட்டக்காரர்களிலும் பழையவர்கள் நிறையப் பேர். எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து இவர்கள் விட்டுக்கொடுத்தது 27 புள்ளிகள். புதிதாக மேலே வந்த ஓர் அணிக்கு இது மிக நல்ல தற்காப்பு. ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து இவர்கள் எடுத்தது வெறும் 3 புள்ளிகள். அதற்குப் பிறகு ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 35-28, லிபர்ட்டியிடம் 21-16, டெக்சாஸ் எல் பாசோவிடம் 37-34. எட்டுத் தோல்வி என்று ஒரே வரியில் எழுதும்போது இந்த நெருக்கமெல்லாம் மறைந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட சீசனில் பெரும்பகுதி, முதல் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. அது எப்படி என்று புரியாமல் புள்ளிப்பட்டியலை மட்டும் வைத்துப் பயிற்சியாளரையும் இருபது வயதுப் பையன்களையும் குறை சொல்வது நியாயமே இல்லை. அதனால் இந்தக் கட்டமைப்பைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே கால்பந்து என்பது கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 1973ல் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. 1978ல் முதல் டிவிஷனின் கால்பந்தை மட்டும் மறுபடி இரண்டாகப் பிரித்தது. 2006ல் இருந்து மேலே இருப்பதற்கு எஃப்.பி.எஸ். என்றும் கீழே இருப்பதற்கு எஃப்.சி.எஸ். என்றும் பெயர். எஃப்.சி.எஸ்.ஸில் சீசன் முடிவில் பிளேஆஃப் நடந்து ஒரு சாம்பியன் கிடைக்கும். எஃப்.பி.எஸ்.ஸில் 12 ஆட்டங்களில் குறைந்தது 6 வென்ற அணிகளுக்கு பவுல் எனப்படும் கௌரவ ஆட்டம் கிடைக்கும். அங்கே பிளேஆஃப் போவது மிகச் சில அணிகள்தான்.

ஐரோப்பியக் கால்பந்து லீக் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். அங்கே கீழ் டிவிஷனில் ஜெயித்தால் மேலே ஏற்றுவார்கள், தோற்றால் இறக்குவார்கள். அமெரிக்கக் கல்லூரியில் அப்படி எதுவும் கிடையாது. எத்தனை பட்டம் வென்றாலும் தானாக மேலே போக முடியாது. எஃப்.பி.எஸ்.ஸில் உள்ள ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு, அழைக்க வேண்டும். பல்கலைக்கழக நிர்வாகம் பணத்துக்குச் சம்மதிக்க வேண்டும். ஆக, மேலே போவது ஒரு நிர்வாக முடிவு. களத்தில் இருக்கும் மாணவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

மேலே வர என்.சி.ஏ.ஏ.வுக்குக் கட்டும் கட்டணம் முன்பு வெறும் 5,000 டாலர். 2023 அக்டோபரில் அதை 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். அதோடு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 210 ஸ்காலர்ஷிப்பாவது தர வேண்டும், அதற்கு வருடத்துக்குக் குறைந்தது 60 லட்சம் டாலர் செலவிட வேண்டும் என்றும் விதித்தார்கள். கட்டணம் பெரிதாகத் தெரிந்தாலும் உண்மையான செலவு அதற்குப் பிறகுதான். கூடுதல் பயிற்சியாளர்கள், எடைப் பயிற்சிக் கூடம், மைதான விரிவாக்கம், விமானப் பயணம் என்று வருடாவருடம் வரும். ஆண்களுக்கு ஸ்காலர்ஷிப் கூட்டினால், 1972ல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டப்படி பெண்கள் விளையாட்டிலும் அதற்கு ஈடு செய்ய வேண்டும். பல கல்லூரிகளில் இந்தப் பணத்தில் ஒரு பங்கு, கால்பந்தே பார்க்காத மாணவர்களும் சேர்த்துக் கட்டுகிற கட்டணத்திலிருந்து வருகிறது.

சரி, களத்துக்கு வருவோம். பல வருடமாக எஃப்.பி.எஸ். அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப், எஃப்.சி.எஸ். அணிக்கு 63 என்பது கணக்காக இருந்தது. அந்த 63ஐயும் துண்டு துண்டாகப் பிரித்து 85 பேர் வரை கொடுக்க முடிந்தது. வித்தியாசம் 22 என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றாது. ஆனால் தாக்குதலுக்கு 11 பேர், தற்காப்புக்கு 11 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள் என்று பார்த்தால் 44 பேர் வேண்டும். கீழே இருந்து வரும் நல்ல அணியின் முதல் 22 பேர், மேலே இருக்கும் நடுத்தர அணியின் முதல் 22 பேரோடு தோளுக்குத் தோள் நிற்பார்கள். 2007ல் அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில் 34-32 என்று வென்றதும், 2013ல் ஜார்ஜியா சதர்ன் ஒரு பந்துகூட வெற்றிகரமாக எறியாமல், ஓடியே ஃபுளோரிடாவை 26-20 என்று வென்றதும் அதனால்தான். இரண்டுமே அப்போது எஃப்.சி.எஸ். அணிகள். ஒரு நாள் ஆட்டத்தில் இது முடியும்.

வாராவாரம் என்று வரும்போது இரண்டாவது 22 பேர் முக்கியமாகிவிடுகிறார்கள். அக்டோபர் வந்தால் எந்த அணியிலும் காயம் இருக்கும். கீழ் டிவிஷனில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய அணியோடு ஆடிவிட்டு, மற்ற வாரங்களில் அடிபட்டவர்களுக்கு ஓய்வு கொடுக்கலாம். மேலே வந்துவிட்டால் அந்த மூச்சு விடும் வாரங்கள் குறைந்துவிடும். மாற்று ஆள் களத்தில் நிற்கும்போது எதிரணி அதே இடத்தைக் குறிவைத்து அடிக்கும். அதனால்தான் புதிதாக ஏறிய அணிகள் முதல் பாதியில் சமமாக ஆடிவிட்டுக் கடைசிக் குவார்ட்டரில் விடுவதை அடிக்கடி பார்க்கிறோம். மன உறுதி போதவில்லை என்று வர்ணனையாளர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அறுபது நிமிடமும் அதே 150 கிலோ ஆளைத் தள்ளிக்கொண்டு, எதிரே மட்டும் புது ஆள் வந்து வந்து போனால் எந்த மனமும் கால்களைக் காப்பாற்றாது.

இந்த ஆழம் இல்லாத குறை முதலில் தெரிவது லைனில்தான், அதாவது எதிரணியோடு நேருக்கு நேர் தள்ளிக்கொண்டு நிற்கும் முன்வரிசையில். வேகமாக ஓடும் ஒரு பையனைப் பள்ளியிலிருந்து எடுத்து வந்த வருடமே இறக்கிவிடலாம். தாக்குதல் லைன்மேன் அப்படிக் கிடைக்க மாட்டார். பதினெட்டு வயதில் வரும் உயரமான பையன் உடம்பு ஏற்றி, பலம் கூட்டி, ஐந்து பேர் ஒன்றாக நகரும் பழக்கத்துக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். முதல் வருடம் மேலே ஆடும் லைன்மேன்களில் பலரைக் கீழ் டிவிஷனுக்கு என்றே நான்கு ஐந்து வருடம் முன்னால் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது எதிரே நிற்கப்போகிறவர்கள் வேறு அளவு. சாம் ஹூஸ்டன் முதல் இரண்டு ஆட்டத்தில் 3 புள்ளியோடு நின்றதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

கீலர் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார். எஃப்.பி.எஸ்.ஸுக்குப் போகும் முந்தைய வருடம், 2022ல், மேலே ஏறும் அணி என்பதால் பிளேஆஃபும் கிடையாது என்று ஆனதும் முக்கியமான ஆட்டக்காரர்கள் பலரை அந்த சீசனில் முழுதாக ஆடவிடாமல் நிறுத்தி வைத்தார். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவருக்கு அந்த வருடம், ஒரு மாணவர் ஆடக்கூடிய நான்கு சீசன் கணக்கில் சேராது என்ற ரெட்ஷர்ட் விதி 2018ல் வந்திருந்தது. அதைப் பயன்படுத்தி அவர்களுடைய ஒரு வருடத்தை மேல் டிவிஷனுக்குச் சேமித்தார். அந்த சீசன் 5 வெற்றி, 4 தோல்வி, அதாவது 5-4 என்று முடிந்தது. பார்வையாளர்களுக்கு அது சரிவாகத் தெரிந்திருக்கும்.

2023ல் சாம் ஹூஸ்டன் சேர்ந்த கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ. தன் அக்டோபர் ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்காக வார நடுவில் வைத்தது. சனிக்கிழமை ஆடிப் பழகிய மாணவர்கள் புதன், வியாழன் இரவுகளில் ஆடினார்கள். அந்தக் கான்ஃபரன்ஸ் மேற்கே எல் பாசோவிலிருந்து கிழக்கே வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் வரை பரவியது. கீழ் டிவிஷனில் பஸ்ஸில் போய் வந்த தூரங்கள் போய், நாட்டின் பாதியைக் கடக்கும் பயணங்கள் வந்தன. வகுப்பு, தேர்வு எல்லாம் இதற்கு நடுவில்தான்.

எட்டுத் தோல்விக்குப் பிறகு, நவம்பர் 4ஆம் தேதி சாம் ஹூஸ்டன் முதல் வெற்றி பெற்றது. கென்னசா ஸ்டேட்டை 24-21 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு லூசியானா டெக்கையும் மிடில் டென்னசியையும் வென்று 3-9 என்று சீசன் முடிந்தது. அடுத்த வருடம், 2024ல், அதே பயிற்சியாளர் கீழ் 9 வெற்றி. பவுல் ஆட்டத்தையும் சேர்த்து 10-3. ஒரே வருட இடைவெளியில் ஓர் அணியின் பலம் மூன்று மடங்கு ஆகாது. முந்தைய வருடம் மூன்று புள்ளி, ஐந்து புள்ளி வித்தியாசத்தில் போன ஆட்டங்கள் 2024ல் இவர்கள் பக்கம் விழுந்தன. லைனில் இருந்தவர்களுக்கு ஒரு வயது கூடியிருந்தது.

இது ஏதோ ஓர் அணிக்கு மட்டும் அமைந்த அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அப்பலாச்சியன் ஸ்டேட் 2005, 2006, 2007 என்று மூன்று வருடம் தொடர்ந்து கீழ் டிவிஷன் சாம்பியன். மேலே வருவதற்கு முந்தைய 2013 சீசனில் 4-8. 2014ல் சன் பெல்ட் கான்ஃபரன்ஸில் முதல் வருடம், ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. அந்த ஐந்தில் ஒன்று, அப்போது எஃப்.சி.எஸ்.ஸில் இருந்த லிபர்ட்டியிடம் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் தோற்றது. அந்த இரவு ரசிகர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் தோற்காமல் கடைசி ஆறையும் வென்று 7-5 என்று முடித்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட் சாட்டர்ஃபீல்ட் முந்தைய வருடத் தோல்விகளிலேயே இளம் ஆட்டக்காரர்களை இறக்கிப் பழக்கியிருந்தார். 2015ல் 11-2, அதில் ஒன்று பவுல் வெற்றி.

முதல் வருடமே ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். மார்ஷல் 1996ல் கீழே 15-0 என்று சாம்பியன் ஆகி, 1997ல் மேலே வந்த வருடமே மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸை வென்றது. ஜார்ஜியா சதர்ன் 2014ல் கான்ஃபரன்ஸில் 8-0. ஜேம்ஸ் மேடிசன் 2022ல் 8-3. இவர்களைக் காட்டித்தான் மற்றவர்களை மட்டம் தட்டுவார்கள். ஆனால் ஒரு அணியின் முதல் வருட முடிவு அதன் எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு, ஒரே மாநிலத்தின் இரண்டு அணிகளை விடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட், ஐடஹோ பல்கலைக்கழகம் இரண்டும் 1996ல் ஒன்றாகவே மேலே ஏறின. இரண்டும் பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. முதல் வருடம் ஐடஹோ 6-5. பாய்சி ஸ்டேட் 2-10. இருவரும் மோதிய ஆட்டம் பாய்சியில் நடந்தது, ஐடஹோ 64-19 என்று நொறுக்கியது. பாய்சி ஸ்டேட்டின் அந்த வருடம் வெறும் விளையாட்டுக் கதை அல்ல. 1994ல் அணியைக் கீழ் டிவிஷன் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன பயிற்சியாளர் போக்கி ஆலனுக்குப் புற்றுநோய். சீசன் தொடங்கும் முன் விடுப்பில் போன அவர், கடைசி இரண்டு ஆட்டங்களுக்குத் திரும்பி வந்து அணியோடு நின்றார். டிசம்பர் 30ஆம் தேதி இறந்துபோனார். இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி என்ற எண்களைப் படிக்கும் யாரும் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்றைக்கு இரண்டு அணிகளையும் பார்த்த யாரும் ஐடஹோதான் மேலே நிலைக்கும் என்று சொல்லியிருப்பார்கள். நடந்தது நேர் எதிர். பாய்சி ஸ்டேட் தன் மைதானத்தை உடனே 30,000 பேர் அமரும்படி விரிவாக்கியது. அது மாநிலத் தலைநகரம், வளர்ந்துகொண்டிருந்த ஊர். ஐடஹோ பல்கலைக்கழகம் இருப்பது மாஸ்கோ என்ற சின்ன ஊரில். அதன் கிபி டோம் அரங்கில் 16,000 பேர்தான் அமரலாம். பிக் வெஸ்ட் 2000க்குப் பிறகு கால்பந்தை நிறுத்தியபோது பாய்சியை வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ் எடுத்துக்கொண்டது. ஐடஹோவுக்கு இடம் கிடைத்தது வெகு தொலைவில் தெற்கே இருந்த சன் பெல்ட்டில். 1999லிருந்து 2010 வரை இருவரும் மோதிய ஒவ்வொரு ஆட்டத்தையும் பாய்சியே வென்றது. 2007 ஜனவரியில் ஃபியெஸ்டா பவுலில் ஓக்லஹோமாவைக் கூடுதல் நேரத்தில் 43-42 என்று வென்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

ஐடஹோ பின்னர் வெஸ்டர்ன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸுக்கு வந்தது. 2012க்குப் பிறகு அங்கேயும் கால்பந்து நின்றுபோனது. ஒரு வருடம் தனித்து ஆடியது, மறுபடி சன் பெல்ட்டுக்குப் போனது. 2016ல் சன் பெல்ட் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்ததும், 2018ல் எஃப்.சி.எஸ்.ஸுக்கே திரும்புவதாக நிர்வாகம் அறிவித்தது. விரும்பிக் கீழே இறங்கிய முதல் எஃப்.பி.எஸ். அணி அதுதான். நெஞ்சைத் தொடுகிற விஷயம் என்னவென்றால், அந்த முடிவு அறிவிக்கப்பட்ட 2016 சீசனிலேயே அந்தப் பையன்கள் 9 ஆட்டம் வென்றார்கள். கடைசியாக ஆடிய பவுல் ஆட்டத்தில் கொலராடோ ஸ்டேட்டுக்கு எதிராக 61 புள்ளிகள் எடுத்தார்கள். ஆட்டத்தில் ஜெயித்தும் அவர்களால் தங்கள் இடத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கதையும் இந்த வகைதான். 1998ல் கீழ் டிவிஷன் சாம்பியன். 2012ல் மேலே வந்தது. 2012ல் 1-11, 2013ல் மறுபடி 1-11. சொந்த ஊர் ஆம்ஹர்ஸ்ட். ஆனால் வீட்டு ஆட்டம் என்ற பெயரில் ஆடியது ஏறக்குறைய 90 மைல் தள்ளி ஃபாக்ஸ்பரோவில் இருந்த பெரிய தொழில்முறை மைதானத்தில். மாணவர்கள் வந்து பார்க்க முடியாத இடத்தில் ஆடினால் அது வெளியூர் ஆட்டம்தான். 2015க்குப் பிறகு கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறிப் பல வருடம் தனியாக ஆடிவிட்டு, 2025ல்தான் திரும்பியது. அந்தக் காலம் முழுவதும் ஒரு சீசனில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. முதல் வருடக் கஷ்டம் எல்லோருக்கும் உண்டு. அது பத்து வருடக் கஷ்டமாக நீண்டால், பெரும்பாலும் மைதானம், கான்ஃபரன்ஸ், அருகில் ஆட்டக்காரர்கள் கிடைக்கும் பள்ளிகள் போன்றவற்றில்தான் கோளாறு இருக்கும். இடையே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2002ல் கீழே சாம்பியனான வெஸ்டர்ன் கென்டக்கி 2009ல் 0-12. தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றுவிட்டு 2010 அக்டோபரில்தான் ஜெயித்தது. அந்தக் கல்லூரியிலேயே குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவராக, ஆடிய வில்லி டாகர்ட் பயிற்சியாளராகி, 2011ல் 7 வெற்றிக்குக் கொண்டுவந்தார்.

பழைய அணிகளுக்கு இருந்த ஒரு வசதி இப்போது இல்லை. அது நேரம். முன்பு நல்ல ஆட்டக்காரர் ஒருவரை வளர்த்தால் நான்கு வருடம் உங்களோடு இருப்பார். 2021 ஏப்ரலில் இருந்து ஒருவர் ஒரு முறை வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்றானது. 2024ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. 2021 ஜூலையில் இருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் முடிந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடம் உச்ச வரம்பு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 105 பேர் வரை என்ற வரம்பு வந்தது. பெரிய கல்லூரி அந்த 105 பேருக்கும் ஸ்காலர்ஷிப் தர முடியும். புதிதாக ஏறிய சின்னக் கல்லூரியால் முடியாது.

ஜேம்ஸ் மேடிசன் 2023ல் 11-1 என்று அசத்தியது. அடுத்த சில வாரங்களில் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்குப் போனார், அவர் பின்னால் பத்துப் பேருக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களும் போனார்கள். நன்றாக ஆடினால் மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மோசமாக ஆடினால் இருப்பவர்களே விட்டுப் போவார்கள். சாம் ஹூஸ்டனுக்கும் இதுதான் நடந்தது. 2024ன் வெற்றிகளுக்குப் பிறகு கீலர் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பவுல் ஆட்டத்தையே இடைக்காலப் பயிற்சியாளரோடுதான் ஆடி வென்றார்கள். 2025 சீசனில் அந்த அணிக்குக் கிடைத்தது 2 வெற்றி மட்டும்.

கென்னசா ஸ்டேட் இதற்கு மறுபக்கம். அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் கல்லூரி 2015ல்தான் கால்பந்தே தொடங்கியது. முதல் நாளிலிருந்து பயிற்சியாளர் பிரையன் போஹனன். ஆப்ஷன் எனப்படும் ஓட்ட ஆட்டத்தை வைத்துச் சில வருடங்களிலேயே கீழ் டிவிஷனில் பெரிய பெயர் எடுத்தார்கள். 2024ல் மேலே வந்தார்கள். முதல் ஆறு ஆட்டமும் தோல்வி, அதில் ஒன்று கீழ் டிவிஷன் அணியிடம். அக்டோபர் 23ஆம் தேதி, அதுவரை தோற்காத லிபர்ட்டியை 27-24 என்று வீழ்த்தி எல்லோரையும் ஆச்சரியப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் தோல்விகள். 1-8 என்று இருந்தபோது போஹனன் விலகிவிட்டதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. தான் விலகவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சீசன் 2-10 என்று முடிந்தது.

ஒன்றுமில்லாத இடத்தில் அணியைக் கட்டியவருக்கு மேல் டிவிஷனில் ஒரு முழு சீசன்கூடக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதே சமயம் அடுத்த வருடம் நடந்ததை மறைக்கவும் முடியாது. புதிய பயிற்சியாளர் ஜெரி மேக், வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, 2025ல் 10 ஆட்டம் வென்றார். டிசம்பரில் ஜாக்சன்வில் ஸ்டேட்டை 19-15 என்று வென்று கென்னசா ஸ்டேட் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆனது. லைனை மூன்று வருடம் வளர்த்த காலத்தில் இது நடந்திருக்காது. ஆட்டக்காரர்கள் தாராளமாக மாறும் இந்தக் காலத்தில் ஏற்றமும் வேகம், இறக்கமும் வேகம். நிர்வாகங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளப்போகும் பாடம், முதல் வருடமே பயிற்சியாளரை மாற்றிவிடலாம் என்பதாக இருந்தால், கீலருக்குக் கிடைத்த அந்த இரண்டாவது வருடம் வேறு யாருக்கும் கிடைக்காது.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை இதில் மிகவும் அநியாயமான பகுதி அதுதான். மேலே ஏறும் அணிக்கு இரண்டு வருட மாற்றக் காலம். முதல் வருடம் கீழ் டிவிஷனில் ஆடினாலும் பிளேஆஃப் இல்லை. இரண்டாவது வருடம் மேலே ஆடினாலும் பவுல் ஆட்டத்துக்கு உரிமை இல்லை. அப்பலாச்சியன் ஸ்டேட் 2014ல் ஏழு ஆட்டம் வென்றும் டிசம்பரில் வீட்டில் இருந்தது. ஜார்ஜியா சதர்ன் கான்ஃபரன்ஸையே வென்றும் வீட்டில் இருந்தது. கல்லூரிகள் அவசரப்பட்டு ஏறாமல் தடுக்கத்தான் இந்த விதி என்பார்கள். ஆனால் ஏறுவது என்ற முடிவை எடுத்தவர் அலுவலகத்தில் இருக்கிறார், தண்டனை கடைசி வருடம் ஆடும் மாணவருக்குப் போகிறது. 50 லட்சம் டாலர் கட்டணம் வந்த பிறகு அவசரத்தைத் தடுக்க வேறு விதியே தேவையில்லை.

மாற்றக் காலத்தின் இரண்டு வருடமும் மேலேயே ஆடிய ஜேம்ஸ் மேடிசன், 2023ல் இந்த விதியிலிருந்து விலக்குக் கேட்டு மனுக் கொடுத்தது, என்.சி.ஏ.ஏ. மறுத்தது. கடைசியில் ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதாமல் பவுல் இடங்கள் காலியாக இருந்ததால் ஜேம்ஸ் மேடிசனுக்கும் ஜாக்சன்வில் ஸ்டேட்டுக்கும் வாய்ப்பு வந்தது. ஜாக்சன்வில் ஸ்டேட் நியூ ஆர்லியன்ஸில் லூசியானாவைக் கூடுதல் நேரத்தில் வென்றது. 2025ல் புதிதாக ஏறிய டெலவேரும் மிசூரி ஸ்டேட்டும் இதே போலக் காலி இடம் இருந்ததால்தான் பவுல் ஆடின. இரண்டு அணிகளுமே தங்கள் வெற்றிகளால் அந்தத் தகுதியை அடைந்திருந்தன. ஆனாலும் வேறு சில கல்லூரிகள் ஆறாவது ஆட்டத்தை வென்றிருந்தால் அவர்களுடைய கடைசி வருட மாணவர்கள் நவம்பரோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த சீசனிலும் விதி மாறாமல் அப்படியே இருந்தது.